ஒருவருக்கு இரண்டு நாற்காலி: இழப்பு யாருக்கு?

மண்சரிவில் வீட்டையும் பயிர்நிலத்தையும் இழந்து, பாடசாலைக் கட்டிடத்திலும் உறவினரின் லயத்திலும் நாட்களைக் கழிக்கும் குடும்பங்களுக்கு மிக அவசியமான பொருள் எது? அரிசியும் கூரைத்தகரமும் அவசியந்தான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது ஒரு தாள். அதுவே பெயர்ப் பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் நிவாரணம் உண்டு, காணி உண்டு, வீடு உண்டு. பெயர் இல்லையென்றால் அந்தக் குடும்பம் அரசாங்கத்தின் கண்ணுக்குப் பாதிக்கப்படாத குடும்பமாகிவிடுகின்றது.

2016 மே மாதத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தபோதும், அதே நாட்களில் புலத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் இறங்கியபோதும், 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இரத்தினபுரி மாவட்டம் தத்தளித்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை உலுக்கியபோதும் இந்தத் தாளின் வலிமையை எம்மக்கள் நேரில் கண்டார்கள். ஆகவே அந்தத் தாளை எழுதுபவர் யார், அதனைச் சரிபார்ப்பவர் யார், பிழை இருந்தால் யாரிடம் முறையிடுவது என்ற மூன்று கேள்விகளையும் நாம் இவ்விதழில் எழுப்ப விரும்புகின்றோம். மூன்றுக்கும் ஒரே பெயர் பதிலாக வருமானால் அங்கே ஏதோ கோளாறு இருக்கின்றது என்பதே எமது கருத்து.

நாம் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு மேலே செல்வது நல்லது. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்துக்கொள்கின்றோம். மண்சரிவுக்குப் பின்னர் ஒரு தோட்டத்தில் நிவாரணப் பணிக்காகத் தங்கியிருந்தபோது, இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் எம்மைத் தேடி வந்தார். கணவனை இழந்த அவர் அண்ணனின் லய அறையோடு ஒட்டி ஓர் இறக்கு இறக்கிக் குடியிருந்தவர். லயத்தின் கீழே மிளகுக் கொடியும் மரக்கறியும் வைத்து, வாரச் சந்தையில் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வீட்டு இலக்கம் என்பதால் பட்டியலில் அண்ணனின் பெயர் மட்டுமே வந்திருந்தது.

அவர் முதலில் போனது பட்டியலைத் தயாரித்த நலன்புரிச் சங்கத்தின் தலைவரிடம். அடுத்து, தொழிற்சங்கம் தட்டிக் கேட்கும் என்று எண்ணித் தோட்டத் தலைவரிடம் போனார். பின்னர், வாக்குப் போட்டோமே என்ற உரிமையோடு பிரதேச சபை உறுப்பினரிடம் போனார். கடைசியாக, மேன்முறையீடுகளைப் பார்ப்பதற்கென்று அமைக்கப்பட்ட குழுவின் தோட்டப் பிரதிநிதியிடம் போனார். கதவுகள் நான்கு. உள்ளே இருந்தவரோ ஒருவரே!

நாலாவது தடவை அவர் சொன்ன பதிலை அந்தத் தாய் எம்மிடம் அப்படியே ஒப்புவித்தார். “அக்கா, நானே எழுதுன லிஸ்ட்ட நானே பிழைன்னு எப்படி எழுதுறது? அடுத்த லிஸ்ட் வரும், அப்ப பார்ப்போம்” என்றாராம்.

அவர் கெட்ட மனிதர் அல்ல என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். மண் இறங்கிய இரவில் டோர்ச் லைட்டோடு முதலில் ஓடியவர் அவர்தான். தன் வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த தகரத்தை எடுத்து அடுத்த லயத்துக்குக் கூரை போட்டவரும் அவர்தான். அவ்வாறான ஒருவராலும் தான் எழுதிய தாளைத் தானே விசாரிக்க முடியவில்லை. எனவே இது ஆளின் குணத்தைப் பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. நாற்காலிகளை நாம் போட்டிருக்கும் முறையைப் பற்றிய பிரச்சினை.

இந்த நிலைமை ஏன் உண்டாகின்றது? சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் நுவரெலியாவின் தோட்டங்களைப் போல அடுத்தடுத்துப் பரந்து கிடப்பவை அல்ல. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் சிங்களக் கிராமங்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அதனால் எம்மவரின் வாக்குகளும் சிதறிக் கிடக்கின்றன. பிரதேச சபை ஒன்றிற்கு எம்மிலிருந்து ஒருவர் தெரிவானாலே பெரிய காரியம். அத்தோடு, பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் பேசி, சிங்களத்தில் கடிதம் எழுதி, வேலையை முடித்து வரக்கூடியவர் ஒரு தோட்டத்தில் ஓரிருவரே இருப்பர். சங்கத் தலைவர் பதவியும் அவருக்கே, கோயில் கணக்கும் அவருக்கே, மரண உதவிச் சங்கமும் அவருக்கே, தேர்தல் வந்தால் வேட்பாளரும் அவரே. நாமே சுமையை ஏற்றிவிட்டு, பின்பு அவர் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறார் என்று முணுமுணுக்கின்றோம்.

இதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. எமது மூதாதையரைக் கடல் கடந்து அழைத்து வந்த பெரிய கங்காணி ஆள் சேர்ப்பவராகவும், வேலை வாங்குபவராகவும், கடன் கொடுப்பவராகவும், துரையிடம் தொழிலாளருக்காகப் பேசுபவராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். கடன் கொடுத்தவரிடமே கடனைப் பற்றி முறையிட வேண்டிய நிலை! துண்டு முறையின் கீழ் ஒரு தொழிலாளி தோட்டம் மாறுவதென்றாலும் அந்தக் கடன் அவனோடு கூடவே போயிற்று. 1921இல் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆனால் பல அதிகாரங்கள் ஒரே ஆளிடம் குவியும் பழக்கம் ஒழியவில்லை. தோட்டத்துரை வேலை கொடுப்பவராக இருந்ததோடு, குடியிருக்கும் லயத்துக்கும், நடக்கும் பாதைக்கும், குடிக்கும் தண்ணீருக்கும் அவரே அதிகாரியாக இருந்தார். பிற்காலத்தில் தொழிலாளரின் வீடமைப்புக்கென்று கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோதும் பல தோட்டங்களில் துரையே அவற்றின் தலைவராகவும் அமர்ந்தார்.

தோட்டத்துக்கு வெளியே போய் முறையிட ஒரு மன்றம் இருந்ததா என்றால், அதுவும் இருக்கவில்லை. 1937இல் கொண்டுவரப்பட்ட கிராமச் சபைச் சட்டத் திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளரை அச்சபைகளின் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டிற்கே அந்நியராக்கியது. 1987இன் பிரதேச சபைகள் சட்டம் வந்த பின்னரும், அதன் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்திய பின்னரே அந்தத் தடை விலகியது. அதாவது, பிரதேச சபை என்ற கதவு எமக்குச் சட்டப்படி திறந்தது அண்மையில்தான். இவ்வளவு காலம் காத்திருந்து திறந்த கதவுக்குப் பின்னாலும் தோட்டத்தில் நாம் ஏற்கனவே சந்தித்த அதே ஆளே உட்கார்ந்திருந்தால், கதவு திறந்ததன் பயன் என்ன?

ஒரே மேசையில் இரண்டு அதிகாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு முழுவதும் அண்மையில் அனுபவித்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19 அன்று முடிந்தது. அதே மாதம் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று சொல்லிப் பிற்போடப்பட்டது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று தேர்தல் நடக்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, பிரதேச சபைகளில் செயலாளர்களே சபையின் அதிகாரங்களையும் கையாண்டார்கள். செயலாளர் என்பவர் சபை தீர்மானித்ததைச் செய்து முடித்து, சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர். சபை இல்லாதபோது தீர்மானிப்பவரும் அவரே, செய்பவரும் அவரே. அவர்களிற் பலர் நேர்மையாகக் கடமையாற்றியிருப்பார்கள். ஆயினும் எமது லயத்து வீதிக்கு ஏன் கல் போடவில்லை என்று சபையில் எழுந்து கேட்பதற்கு ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. மாகாண மட்டத்திலோ நிலைமை இன்னும் நீண்டது. 2012 செப்டெம்பரில் தெரிவான சப்ரகமுவ மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன் பின்னர் ஆளுநரின் கீழேயே மாகாண நிர்வாகம் நடந்துவந்துள்ளது.

“இரண்டு பதவியும் ஒருவரிடம் இருந்தால்தானே காரியம் நடக்கும்?” என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. மலையகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவராக இருந்துகொண்டே 1978இல் அமைச்சரவையிற் சேர்ந்தவர் அவர். அரசாங்கத்துக்குள் இருந்தபடியே 1984இல் சம்பளப் போராட்டத்தையும், 1986இல் பிரஜாவுரிமைக்கான பிரார்த்தனைப் போராட்டத்தையும் நடத்தினார். ஆண்களுக்குச் சமமான சம்பளம் பெண் தொழிலாளருக்குக் கிடைத்ததிலும், நாடற்றவராக இருந்தோர் பிரஜைகளானதிலும் அந்தப் போராட்டங்களுக்குப் பங்குண்டு. இதனை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும்.

ஆனால் இரண்டு விடயங்களை நாம் மறந்துவிடலாகாது. முதலாவது, தோட்டங்கள் அரசின் கையில் இருந்த அக்காலத்தில், சம்பளம் கேட்கும் சங்கத்தின் தலைவர் சம்பளம் கொடுக்கும் அரசாங்கத்தின் அமைச்சராகவும் இருந்தார். அவர் எந்தப் பக்கத்துக்காகப் பேசுகின்றார் என்ற கேள்வி தொழிலாளரிடையே எழாமல் இருக்கவில்லை. இரண்டாவது, அவரை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் கேள்வி கேட்டன; போட்டிச் சங்கங்கள் ஒவ்வொரு அடியையும் விமர்சித்தன. எமது தோட்டத்தில் நாலு பதவி வைத்திருப்பவரை யார் பார்க்கின்றார்கள்? அங்கே பத்திரிகையாளர் வருவதில்லை. பட்டியலில் பெயர் விடுபட்டவரின் கண்ணீர் மட்டுமே அங்கே விமர்சனம். பெரிய இடத்து இரட்டைப் பதவியைவிடச் சிறிய இடத்து இரட்டைப் பதவி ஆபத்தானது என்று நாம் சொல்வது இதனால்தான்.

இந்தச் சிக்கலை மற்ற நாடுகளும் சந்தித்திருக்கின்றன. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில், நகர நீதிச் சபையில் அமர்பவரே அந்நகரின் எழுதுவினைஞராகவும் இருக்கலாமா என்ற வழக்கு 1787இல் வந்தது. இரண்டும் ஒருவரிடம் பொருந்தாதவை, இரண்டாவதை ஏற்றுக்கொண்டால் முதலாவதைக் கைவிட்டதாகவே கருதப்படும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பிரான்ஸில் பாராளுமன்ற உறுப்பினர்கள் தத்தம் ஊரின் நகர முதல்வர்களாகவும் இருப்பது நெடுங்காலப் பழக்கம். 2014இல் ஒரு சட்டம் இயற்றி, 2017 முதல் அதனை நிறுத்தினார்கள். எமது நாட்டிலும், பிரதேச சபையோடு ஒப்பந்தம் செய்து பயன்பெறுபவர் அச்சபையின் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம் சொல்கின்றது. ஆனால் சட்டத்தின் கண் ஒப்பந்தத்தைப் பார்க்கின்றதே தவிர, தோட்டத்துச் சங்கத்தையும், நிவாரணக் குழுவையும், லயத்து அரசியலையும் பார்ப்பதில்லை. அவற்றை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருமறையிலும் எமக்கு வழிகாட்டல் உண்டு. அப்போஸ்தலர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதித் திருச்சபையில் எழுந்த முதல் முறைப்பாடுகளில் ஒன்று நிவாரணப் பங்கீட்டைப் பற்றியதே. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள். மொழி வேறானவர்கள், ஆண் துணை இல்லாதவர்கள். எமது தோட்டத்துத் தாயின் கதையும் இதுதானே! அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? “எங்களையா சந்தேகிக்கின்றீர்கள்?” என்று கோபிக்கவில்லை. போதிக்கும் பணியைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, பங்கீட்டுப் பொறுப்புக்கு வேறு ஏழு பேரைச் சபையாரே தெரிவு செய்யும்படி விட்டார்கள். தெரிவானவர்களின் பெயர்கள் கிரேக்கப் பெயர்கள். அதாவது, விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்கள் வந்தார்கள். ஆண்டவரின் நேரடிச் சீடர்களே ஒரு பொறுப்பைக் கைவிட முடிந்ததென்றால் எம்மால் ஏன் முடியாது?

இவ்விடத்தில் எமது சொந்தக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாக உள்ளோம். எமது நிவாரணப் பணியிலும் சில காலம் பொருள் வாங்குபவரும், பொருளுக்குக் கணக்கு எழுதுபவரும், கணக்கை வாசித்து அங்கீகரிப்பவரும் ஒருவராகவே இருந்தார். பணம் எதுவும் காணாமற் போகவில்லை. ஆனால் ஒருநாள் ஒரு பெரியவர், “பாதர், அரிசி குறைஞ்சா யாருகிட்ட சொல்றது?” என்று கேட்டபோது எம்மிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னரே மூன்று வேலையையும் மூவரிடம் பிரித்தோம். பிறருக்கு உபதேசம் செய்வதற்கு முன் நாம் கற்ற பாடம் இது.

அப்படியானால் இடம்பெயர்ந்த குடும்பங்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாவதாக, பட்டியலை எழுதுபவரும் முறைப்பாட்டை விசாரிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பதை உங்கள் சங்கத்தின் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். இதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை. விசாரிக்கும் குழுவில் இடம்பெயர்ந்த குடும்பமொன்றின் பெண் ஒருவராவது இருக்கட்டும்.

இரண்டாவதாக, பட்டியல் கோப்புக்குள் தூங்கக்கூடாது. பிரட்டுக்களத்திலும், முகாமின் வாசலிலும், ஆலயத்திலும், கோயிலிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். அயல் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் மண்ணை இழந்தவர்களே. அவர்களும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் சந்தேகமும் குறையும், சண்டையும் குறையும்.

மூன்றாவதாக, பிரதேச சபை உறுப்பினராகத் தெரிவாகும் எம்மவர் தோட்டத்துச் சங்கப் பதவியை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அது அவருக்குத் தண்டனை அல்ல, அவருக்கும் விடுதலை. தன் உறவினருக்கோ தன் சங்கத்துக்கோ சம்பந்தமான விடயம் சபையில் வரும்போது அதனை வாய்திறந்து சொல்லிவிட்டு, தீர்மானம் எடுக்கும்போது வெளியே போய் நிற்கும் வழக்கத்தையும் அவர் பழக வேண்டும்.

நான்காவதாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். பிரதேச சபையும் பிரதேச செயலகமும் அச்சட்டத்துக்குட்பட்டவை. எமது தோட்டத்தின் பெயர்ப் பட்டியலின் பிரதி, அதனை அங்கீகரித்தவரின் பெயர், காணி தெரிவு செய்யப்பட்ட முறை என்பவற்றை நீங்கள் கேட்கலாம். ஏன் கேட்கின்றீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம்.

ஐந்தாவதாக, ஆள் இல்லை என்ற குறையை நாமே தீர்க்க வேண்டும். உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றார்கள். அவர்களுக்குச் சிங்களக் கடிதம் எழுதவும், கூட்டறிக்கை எழுதவும், கணக்குப் புத்தகம் வைக்கவும் பழக்கிவிட்டால், இரண்டு ஆண்டுகளில் ஒருவருக்குப் பதில் ஐவர் கிடைப்பார்கள். எமது பங்குகளும் மாதர் சங்கங்களும் இதனை உடனே தொடங்கலாம்.

1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு ஓடி, வன்னியில் காடு வெட்டிப் பயிர் செய்து, போரினால் மறுபடியும் பெயர்ந்த உறவுகளுக்கு நாம் எழுதுவது புதிதல்ல. எத்தனை பட்டியல்களில் உங்கள் பெயர் ஏறியது, எத்தனையில் இறங்கியது என்பதை எம்மைவிட நீங்கள் நன்கறிவீர்கள். அந்த அனுபவத்தை இன்று மண்சரிவில் பெயர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நாம் முதலில் சொன்ன அந்தத் தாய் இன்னும் புதிய வீட்டுக்குப் போகவில்லை. உறவினரின் லயத்து இறக்கில்தான் பிள்ளைகள் பாடம் படிக்கின்றார்கள். அவர் கேட்டது இரக்கத்தை அல்ல. தான் சொல்வதைக் கேட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய இன்னொரு மனிதரையே அவர் கேட்டார். அடுத்த பட்டியல் எழுதப்படும்போதாவது அந்த இன்னொரு மனிதர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கும்படி செய்வோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே செய்வோம்.